43ஆம் கட்டம்: சாட்ஸ்வொர்த் பெரியம்மா கேட்ட இரண்டு கேள்விகள்

டர்பனில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். எலும்பு, தைராய்டு, சிறுநீரகம், இதயம் என்று எதை ஸ்கேன் எடுத்தாலும் நாங்கள் ஊசியில் ஏற்றுவது பெரும்பாலும் ஒரே தனிமத்தைத்தான்: டெக்னீசியம். தினமும் கையாள்வதால் அது எனக்கு உப்பு, சர்க்கரை மாதிரி ஆகிவிட்டது. போன குளிர்காலத்தில் வந்த ஒரு நோயாளி கேட்ட கேள்விகளுக்கு அப்புறம்தான் அதைப் புதிதாகப் படிக்க உட்கார்ந்தேன். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், அதனால் பெரியம்மா என்றே சொல்கிறேன்.

நடந்தது

பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. சின்ன வயதில் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்தவர். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழு வாழிடச் சட்டத்தின் காலத்தில் குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் அறிவியல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆனது. இப்போது இடுப்பில் வலி. நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை வந்தார். அன்று எங்களிடம் மருந்து இல்லை. வழக்கமாக அதிகாலையில் வந்துவிடும் ஜெனரேட்டர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரவேண்டிய விமானம் மோசமான வானிலையால் நின்றுபோனதில், வந்து சேரவில்லை. ஜெனரேட்டர் என்பது ஈயக் கவசத்துக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதில் அலுமினாத் தூளின் மேல் மாலிப்டினம்-99 ஒட்டியிருக்கும். அது சிதைந்து டெக்னீசியம்-99எம் ஆகும் (எம் என்பது கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலையைக் குறிக்கும்). உப்பு நீரை உள்ளே விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளியே வரும், மாலிப்டினம் உள்ளேயே தங்கிவிடும். மறுநாள் மறுபடியும் சுரந்திருக்கும். எங்கள் தொழிலில் அந்தப் பெட்டியைப் பசு என்பார்கள், எடுப்பதைப் பால் கறப்பது என்பார்கள். அன்று பசு வரவில்லை.

நாளைக்கு வாருங்கள் என்று சொன்னபோது அவர் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று தெரியாமல் இன்னும் ஒரு இரவைக் கழிப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் கோபப்படாமல் கேட்டார்.

“ஏன் கண்ணு, கடைக்காரர் அரிசி தீர்வதற்கு முன்னாலேயே அடுத்த மூட்டையை வாங்கி வைக்கிறார். நீங்க ஒரு பெட்டியைக் கூடுதலா அலமாரியில வச்சுக்கக் கூடாதா?”

“வச்சா இருக்காது பெரியம்மா. வர்ற வழியிலேயே கரைஞ்சுகிட்டு வர்ற சரக்கு அது.”

மாலிப்டினம்-99இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோகும் நேரம், 66 மணி. பெட்டி ஒரு நாள் தாமதமானால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். கறந்தெடுத்த டெக்னீசியத்துக்கோ 6 மணி நேரம்தான். காலை எட்டு மணிக்கு எடுத்தது பிற்பகல் இரண்டுக்குப் பாதி, இரவு எட்டுக்குக் கால்.

மறுநாள் வந்தார். ஊசி போட்டேன். மருந்து எலும்பில் போய் ஒட்ட இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் இரண்டாவது கேள்வி வந்தது. நீ ஏற்றியது என்ன தனிமம், அணு எண் என்ன என்று கேட்டார். 43 என்றேன்.

“43 மசூரியம் ஆச்சே! எங்க பள்ளிக்கூடச் சுவர்ல தொங்கின அட்டவணையில எம், ஏ ரெண்டு எழுத்துதானே போட்டிருந்துச்சு. அதை எப்போ எடுத்தாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான் என்பது படித்த பிறகு புரிந்தது.

மசூரியம் எங்கே போனது

பெரியம்மாவின் நினைவில் தவறில்லை. 1930களில் அச்சான தனிம அட்டவணைகளில் 43ஆம் கட்டத்தில் மசூரியம் இருந்தது. 61இல் இல்லினியம், 85இல் அலபாமைன், 87இல் வெர்ஜினியம் என்றும் சிலவற்றில் காணலாம். நான்குமே இல்லாத கண்டுபிடிப்புகள். பழைய அட்டவணைகளையும் பழைய பாடநூல்களையும் வைத்து ஓடிய பள்ளிகளில் அந்தப் பெயர்கள் பிறகும் பல காலம் சுவரில் தொங்கியிருக்கின்றன.

மாங்கனீசுக்குக் கீழே ஒரு தனிமம் இருக்க வேண்டும் என்று மெண்டலீவ் முன்பே இடம் விட்டு வைத்திருந்தார். 1913இல் ஹென்றி மோஸ்லி, ஒவ்வொரு தனிமமும் வெளிவிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணுக்கும் அதன் அணு எண்ணுக்கும் உள்ள உறவைக் கண்டபோது, எந்தெந்த எண்கள் காலி என்பது ஐயமில்லாமல் தெரிந்துவிட்டது. 43ம் 61ம் அதில் உண்டு. வீட்டு எண் தெரிந்துவிட்டது, ஆளைத் தேட வேண்டியதுதான் பாக்கி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1925இல் பெர்லினில் வால்டர் நோடாக், இடா டாக்கே, ஓட்டோ பெர்க் மூவரும் தாதுக்களைச் செறிவாக்கி எக்ஸ் கதிரில் பார்த்து, 43ஐயும் 75ஐயும் கண்டதாக அறிவித்தார்கள். 75 உண்மை. அது ரீனியம். மூன்று ஆண்டுகளில் 660 கிலோ மாலிப்டினத் தாதுவிலிருந்து ஒரு கிராம் ரீனியத்தைப் பிரித்துக் கையில் வைத்துக் காட்டினார்கள். 43க்கு அவர்கள் வைத்த பெயர்தான் மசூரியம். அதை ஒரு துளிகூடப் பிரித்துக் காட்ட முடியவில்லை. மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த எக்ஸ் கதிர்க் கோடுகள் தெரியவில்லை.

இவர்களை ஏமாற்றுக்காரர்களாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ரீனியத்தைக் கண்ட அதே கைகள், அதே கருவி, அதே பொறுமை. ஒரு வழி 75இல் பலித்தது, அதே வழி 43இல் பலிக்கவில்லை. 75 பாறைக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் தனிமம். டன் கணக்கில் இடித்து, கரைத்து, வடித்துக்கொண்டே போனால் ஒரு நாள் கையில் வந்து சேரும். 43 அப்படி உட்கார்ந்திருக்கவில்லை. இந்த வேறுபாடு 1925இல் யாருக்கும் தெரியாது.

நம் ஊர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு தேடல் உண்டு. டாக்காவில் இருந்த வேதியியலாளர் ராஜேந்திரலால் டே, திருவிதாங்கூர்க் கடற்கரையின் மோனசைட் மணலில் 85ஆம் தனிமத்தைக் கண்டதாக 1937இல் அறிவித்து, டாகின் என்று பெயர் வைத்தார். அதுவும் நிற்கவில்லை. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மணவாளக்குறிச்சி இன்று குமரி மாவட்டத்தில் இருக்கிறது. தோரியம் நிறைந்த அந்தக் கறுத்த மணலை மிதித்து விளையாடிய உறவினர்கள் பலருக்கு உண்டு. தேடிய இடம் மோசமில்லை. தேடிய முறைதான் இந்தத் தனிமத்துக்கு ஒத்துவராதது.

உட்கார இடமில்லாத தனிமம்

43 ஏன் நிலைக்காது என்பதற்கான காரணம் 1934இல்தான் தெளிவாகியது. ஜோசப் மட்டாவ் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் ஒரு விதியைச் சொன்னார்: பக்கத்துப் பக்கத்து அணு எண் கொண்ட இரண்டு தனிமங்களுக்கு ஒரே நிறை எண்ணில் (அணுக்கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) நிலையான ஐசோடோப்பு, அதாவது சிதையாத வடிவம், இருக்க முடியாது. இரண்டில் ஒன்று பீட்டா சிதைவில் மற்றொன்றாக மாறிவிடும். அபூர்வமான விலக்குகள் உண்டு, ஆனால் 43இன் கதையைப் புரிந்துகொள்ள இது போதும்.

கொஞ்சம் பொறுமையாக இந்தக் கணக்கைப் பாருங்கள். 43க்கு இடப்பக்கம் 42, மாலிப்டினம். அதன் நிலையான நிறைகள் 92, 94, 95, 96, 97, 98, 100. வலப்பக்கம் 44, ருத்தேனியம். அதற்கு 96, 98, 99, 100, 101, 102, 104. இரண்டையும் சேர்த்தால் 94 முதல் 102 வரை ஒரு எண் விடாமல் நிரம்பிவிடுகிறது. 43க்கு நிலையான ஐசோடோப்பு இருந்தால் அது இந்த எண்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றுகூடக் காலி இல்லை. பேருந்தில் இரண்டு பக்கத்து இருக்கைக்காரர்களும் நடு இருக்கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் நடுவில் வருபவர் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். 61ஆம் தனிமமான புரோமித்தியத்துக்கும் நியோடிமியத்துக்கும் சமாரியத்துக்கும் நடுவில் இதே நிலைமை.

நிலையில்லை என்றால் எவ்வளவு நேரம் தாங்கும்? டெக்னீசியத்தின் மிக நீண்ட ஆயுள் கொண்ட வடிவங்களுக்கு அரை ஆயுள் 42 லட்சம் ஆண்டு. நமக்கு அது பெரிய காலம், பூமிக்குப் பெரியதில்லை. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 454 கோடி ஆண்டுக்கு முன் பூமி முழுவதுமே டெக்னீசியமாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 42 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதி, மறுபடி பாதி என்று குறைந்தால், சுமார் 165 முறையில், அதாவது 70 கோடி ஆண்டுக்குள், கடைசி அணுவும் தீர்ந்திருக்கும். ஆக, பூமி தோன்றியபோது இருந்த டெக்னீசியத்தைத் தாதுவில் தேடுவது எந்தக் காலத்திலும் முடியாத காரியம்.

இன்று பாறையில் இருப்பது புதிதாகப் பிறப்பது மட்டும்தான். யுரேனியம் எப்போதாவது தானாகப் பிளக்கும்போது துணுக்காகச் சில அணுக்கள் உண்டாகின்றன. 1960களின் தொடக்கத்தில் கென்னா, குரோடா என்ற வேதியியலாளர்கள் நம் கண்டத்தின் காங்கோவிலிருந்து போன 5.3 கிலோ பிட்ச்பிளெண்டு என்ற யுரேனியத் தாதுவைப் பதப்படுத்தி அதைப் பிரித்தார்கள். கிடைத்தது சுமார் ஒரு நானோ கிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. நான் பெரியம்மாவுக்கு ஏற்றிய ஊசியில் இருந்த டெக்னீசியம்-99எம் எவ்வளவு என்று கணக்கிட்டேன்: 740 மெகா பெக்கரல் (நொடிக்கு 74 கோடி சிதைவு) என்பது நிறையில் சுமார் 3.8 நானோ கிராம். அவ்வளவு தாதுவிலிருந்து வந்ததைப்போல நான்கு மடங்கு அவருடைய கையில் ஒரு நொடியில் ஏறியது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறந்த வீட்டுக்குப் போனவர்கள்

அப்படியென்றால் ரேடியம் மட்டும் ஏன் 1898லேயே கிடைத்தது? அதுவும் கதிரியக்கத் தனிமம்தானே?

இங்கேதான் பொத்தல் குடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஒரு குழாயில் தண்ணீர் வந்து விழுகிறது, கீழே பொத்தலில் ஒழுகுகிறது. கொஞ்ச நேரத்தில் நீர்மட்டம் ஒரு இடத்தில் நின்றுவிடும். பொத்தல் சிறிதானால் மட்டம் உயரும். யுரேனியம்தான் குழாய். அதிலிருந்து வழிவழியாகப் பிறக்கும் ரேடியம்-226க்கு அரை ஆயுள் 1,600 ஆண்டு, சிறிய பொத்தல். அதனால் தாதுவில் சுமார் 28 லட்சம் யுரேனிய அணுவுக்கு ஒரு ரேடிய அணு எப்போதும் நிற்கும். மரி கியூரி டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சி அதைச் சேர்த்தார். சேர்த்தது கையிலேயே தங்கியது. பொலோனியம்-210க்கு 138 நாள். அதன் பங்கு சுமார் 1,180 கோடிக்கு ஒன்று. அதை நிறுக்கும் அளவு சேர்க்க முடியவில்லை என்றாலும், கதிர்வீச்சின் வலிமையால் இருப்பதை உணர்த்தியது.

பொத்தலும் பெரிதாகி, மேலே குழாயும் சொட்டுச் சொட்டாக வந்தால் என்ன ஆகும்? அதுதான் 87, பிரான்சியம். இந்தத் தனிமங்களிலேயே என் மனதை அதிகம் தொட்டது இது.

பிரான்சியம்-223இன் அரை ஆயுள் 22 நிமிடம். அதன் தாய் ஆக்டினியம்-227. அந்தத் தாயும் நூற்றில் 99 தடவை பீட்டா சிதைவில் தோரியமாகத்தான் மாறும், ஏறக்குறைய ஒரு தடவைதான் ஆல்பா துகளை விட்டுப் பிரான்சியமாகும். வியன்னாவில் மேயர், ஹெஸ், பனேத் மூவரும் 1914லேயே தூய ஆக்டினியத்தில் மெல்லிய ஆல்பா கதிரைப் பார்த்தார்கள். வேறு ஏதாவது கலந்திருக்கலாம் என்ற ஐயத்தில் அது நின்றுபோனது. அதற்கப்புறம் கால் நூற்றாண்டு. உலகெங்கும் ஆட்கள் 87ஐத் தாதுவிலும் சீசிய உப்பிலும் தேடினார்கள். வெர்ஜினியம், மோல்டேவியம் என்று பெயர்கள் வந்து போயின. 22 நிமிடத்தில் பாதியாகும் பொருளை, மாதக் கணக்கில் கொதிக்கவைத்துச் செறிவாக்கித் தேடினார்கள்!

அதைப் பிடித்தவர் மார்கரித் பெரே. பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளராக அவர் உள்ளே வரவில்லை. 19 வயதில் மரி கியூரியின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். வருடக்கணக்காக அவர் செய்த வேலை ஆக்டினியத்தைத் தூய்மைப்படுத்துவது. சலிப்பான வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆக்டினியத்தோடு அதன் சேய்களான தோரியமும் ரேடியமும் சேர்ந்துகொண்டே இருக்கும், அவற்றின் கதிர் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். பெரே 1939 ஜனவரியில், அவற்றை மிக விரைவாக நீக்கிவிட்டு, நீக்கிய அந்த நொடியிலிருந்தே அளக்கத் தொடங்கினார். தோரியமும் ரேடியமும் மறுபடி திரள்வதற்கு முன்பே ஒரு பீட்டா கதிர் கிடுகிடுவென்று வளர்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அளவில் நின்றது. அதைத் தருவது எதுவோ, அதன் அரை ஆயுள் இருபது நிமிடம் போல இருந்தது, சீசிய உப்போடு சேர்ந்து வீழ்படிவானது. சீசியத்துக்குக் கீழ்க் கட்டத்தின் குணம் அதுதான்.

கை வேகம் இல்லாதவருக்கு இது கிடைத்திருக்காது. தினமும் காலையில் பசுவைக் கறந்து மணியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவள் என்பதால் இதை என்னால் உணர முடிகிறது. பெரே 1962இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். அவருடைய ஆசிரியர் மரி கியூரிக்கு அந்தக் கழகம் கதவைத் திறக்கவில்லை. கதிர்வீச்சோடு பழகிய உடல் புற்றுநோயில் விழுந்து 1975இல் இறந்தார்.

டெக்னீசியத்தின் கதையில் தாய், தாதுவில் இல்லை, தபாலில் வந்தது. கலிபோர்னியாவில் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் மாதக் கணக்கில் டியூட்ரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த துகள்) அடி வாங்கிய ஒரு மாலிப்டினத் தகடு, 1937இல் கடிதத்தோடு இத்தாலியின் பலேர்மோவுக்கு இயற்பியலாளர் எமிலியோ சேக்ரேவிடம் வந்தது. கடல் தாண்டி வந்த பிறகும் அதில் கதிரியக்கம் மிச்சம் இருந்தது. அவரும் கார்லோ பெர்ரியேயும் மாலிப்டினத்தோடும் நயோபியத்தோடும் ஒட்டாத, ரீனியத்தைப் போல நடக்கும் ஒன்றைப் பிரித்தார்கள். 42இல் ஒரு புரோட்டானைச் சேர்த்தால் 43. எங்கே பிறக்கும் என்று தெரிந்த இடத்தில் பார்த்தார்கள், கிடைத்தது. செயற்கையாக உண்டான முதல் தனிமம் என்பதால் அந்தப் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறகு பெயர் வைத்தார்கள்.

85, அஸ்டட்டைன், 1940இல் பிஸ்மத்தை ஆல்பா துகளால் தாக்கி பெர்க்லியில் கிடைத்தது. 61, புரோமித்தியம், 1945இல் அணு உலைப் பிளவுக் கழிவில். புரோட்டாக்டினியம் மட்டும் வேறு வகை: அதன் நீண்ட ஆயுள் ஐசோடோப்பு, 32 ஆயிரம் ஆண்டுக்கு மேல் அரை ஆயுள் இருந்தும், 1917-18 வரை மறைந்திருந்தது. ஆக்டினியத்துக்குத் தாய் யார் என்று கேட்டு லிசே மெய்ட்னரும் ஓட்டோ ஹானும் தேடியபோதுதான் வெளியே வந்தது. அங்கேயும் உறவு தெரிந்த பிறகுதான் ஆள் கிடைத்தது.

நம் நாட்டிலும் ஒன்று சொல்ல வேண்டும். விட்வாட்டர்ஸ்ராண்டில் 1886இலிருந்து தங்கம் எடுத்தார்கள். அதே பாறையில் யுரேனியக் கனிமம் இருப்பதை 1923இல் கூப்பர் கண்டார். முதல் யுரேனிய ஆலை 1952இல்தான் திறந்தது. இது நிலையாமையால் வந்த தாமதம் அல்ல, தேவைப்படாததால் வந்த தாமதம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஸ்கேனுக்குப் பிறகு

எங்கள் பசு வருவது பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவிலிருந்து. அங்கே 1965இல் இயங்கத் தொடங்கிய சஃபாரி-1 உலையில் யுரேனியம் பிளக்கும்போது மாலிப்டினம்-99 பிறக்கிறது. தாயைப் பெட்டியில் அனுப்பி, நோயாளியின் பக்கத்திலேயே சேயைப் பிரித்தெடுக்கும் முறையை 1950களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் டக்கரும் கிரீனும் உருவாக்கினார்கள். பெரே செய்ததைத்தான் ஒவ்வொரு காலையும் நாங்களும் செய்கிறோம்: தாயிடமிருந்து சேயைப் பிரித்து, அது போவதற்குள் வேலையை முடிப்பது. பெரியம்மாவின் முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அலமாரியில் வைக்க முடியாத பொருளைத்தான் நோடாக் குழுவினர் பாறையின் அலமாரியில் தேடினார்கள்.

அவருடைய படம் நல்லபடியாக வந்தது. இடுப்பில் தேய்மானம், புற்றுநோய் பரவிய அடையாளம் இல்லை. இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார். கடைசியில், “அப்போ அந்த 43 இன்னும் எங்கிட்ட இருக்கா கண்ணு?” என்றார்.

இருக்கிறது என்றேன். டெக்னீசியம்-99எம் சிதைந்தால் டெக்னீசியம்-99 ஆகும், அதன் அரை ஆயுள் 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டு. கணிசமான பகுதி முதல் நாளிலேயே சிறுநீரில் போயிருக்கும், கொஞ்சம் எலும்பில் நின்றிருக்கும். ஊசி போட்டபோது நொடிக்கு 74 கோடி அணுக்கள் சிதைந்தன. ஏற்றியது முழுவதும் உடம்பிலேயே தங்கியிருந்தாலும் இப்போது நொடிக்கு இரண்டோ மூன்றோதான். நாம் சாப்பிடும் வாழைப்பழமும் பருப்பும் தரும் பொட்டாசியத்தால் எல்லார் உடம்பிலும் நொடிக்கு 4,000 போலச் சிதைந்துகொண்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

“பயமில்லை கண்ணு. பழைய அட்டவணைப் படம் ஒண்ணு பேரன் கம்ப்யூட்டர்ல தேடி எடுத்துட்டான். அதுல எம், ஏவை அடிச்சுட்டு டெக்னீசியம்னு எழுதணும், எழுத்து எப்படின்னு சொல்லு.”

டி, சி என்று சொன்னேன். எழுதும் சத்தம் கேட்டது.